கிளிமூக்கைக் கழற்றிய தை மாதம்

உட்காருங்கள் டாக்டரம்மா. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். என் மனைவி சிகப்பி ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். கார்டு அவள் பெயரில் இருக்கிறது. அவள் விரலை வைத்தால்தான் அந்த மிஷின் ஒத்துக்கொள்ளும். வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை நான் சொல்கிறேன். புல் அறுவடை எப்படி நடந்தது என்றுதானே கேட்க வந்தீர்கள்? அவளைவிட எனக்கு அதிகம் தெரியும். போனை இப்படி நடுவில் வையுங்கள். பதிவாகிறதா?

என் பெயர் வெள்ளைக்கண்ணு. செம்பொட்டல் கால்நடைப் பண்ணையில் பதினொரு வருஷம் தினக்கூலி. வேலை, பேலர் ஓட்டுவது, காய்ந்த புல்லைக் கட்டாகக் கட்டும் மிஷின். பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் செயலாளர். அந்த 'முதல்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். உங்கள் எழுபத்தைந்தாம் ஆண்டு மலரில், தினக்கூலிகளுக்கு நிரந்தரம் வாங்கிக் கொடுத்தது யார் என்று ஒரு பக்கம் வருகிறதாமே. அந்தப் பக்கத்தில் யார் பெயர் வரப்போகிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. சிகப்பியின் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் போன வாரம். பழைய டிராக்டருக்கும் பேலருக்கும் பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தி, அவளை விட்டு ரிப்பன் வெட்டச் சொல்லப் போகிறார்களாம். அந்த பேலர் எத்தனை குத்துக்கு ஒரு கட்டுப் போடும் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பதினான்கு. பதினான்கு குத்துக்கு ஒரு கட்டு.

சரி, வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் இந்தப் பண்ணைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, உங்களுக்கு அந்தக் காலம் தெரிய நியாயமில்லை. அப்போது இங்கே எண்ணூறு மாடுகள். கோடையில் அவற்றுக்குப் பசும்புல் கிடைக்காது. அதனால் மழைக்காலம் முடிந்ததும், கொழுக்கட்டைப் புல் பூவெடுக்கிற பருவத்தில் வெட்டிக் காயவைத்துக் கட்டி அடுக்கிவிட வேண்டும். தை மாதம்தான் அதற்கு நேரம். மூன்று டிராக்டர்கள், கப்பலில் வந்த செக் நாட்டு வண்டிகள். காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். கிளம்பிவிட்டால் மாலை வரை சளைக்காது. அவை பின்னால் வெட்டுக்கத்தியைக் கட்டிக்கொண்டு நாலு நாளில் நூறு ஏக்கரைச் சாய்த்துவிடும். பிறகு பெண்கள் இறங்குவார்கள். அறுபது பெண்கள், கவைக்கம்பால் புல்லைப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து முறுக்க வேண்டும். ஒடிந்தால் கட்டலாம். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரத்தோடு கட்டிவிட்டால் உள்ளுக்குள் சூடேறிப் புகையும். ஒரு வருஷம் ஒரு கொட்டகையே போயிற்று.

காய்ந்த புல்லை வரிசையாகக் கூட்டி வைத்தால், நான் வருவேன். டிராக்டரை ஓட்டுவது சேசுராஜ். பின்னால் பேலர், அதன் பொறுப்பு என்னுடையது. வரிசையை வாரி உள்ளே இழுக்கும், இரும்புத் தட்டு வந்து குத்தும், பதினான்கு குத்து, சணல் கயிறு சுற்றிவரும், முடிச்சு விழும், கட்டுப் பின்னால் விழும். முடிச்சுப் போடுவது கட்டைவிரல் அளவு இரண்டு இரும்புத் துண்டுகள். வளைந்த அலகு மாதிரி இருக்கும். நாங்கள் கிளிமூக்கு என்போம். அந்தப் பாகம் கெட்டால் பம்பாயிலிருந்து வர மூன்று மாதம். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைய உற்பத்தி உறவில் என் இடம் என்ன என்பது உங்களுக்கு விளங்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. திருச்சியிலிருந்து தோழர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். வாங்கிப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். பெண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை நிழலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகம் ஏது? என் துண்டறிக்கைதான் பாடம். சிகப்பி எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வார்த்தை 'நிர்வாகமே'. சிரிக்காதீர்கள். இந்தக் கிராமத்தில் வேறெந்தக் கணவன் அன்றைக்குத் தன் மனைவிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான்?

எண்பத்திரண்டாம் வருஷம். பொங்கலுக்கு மறுவாரம். புல் வெட்டித் தரையில் கிடக்கிறது, நூறு ஏக்கரும். புரட்டத் தொடங்க வேண்டிய அன்று காலை வாசலை அடைத்தோம். திட்டம் என்னுடையது. வெட்டாமல் நிற்கிற புல்லை விட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்தால் நிர்வாகம் காத்திருக்கும். தரையில் கிடக்கிற புல் காத்திருக்காது. பனி இறங்குகிறது, கிழக்கே மேகம் வந்தால் கதை முடிந்தது, அத்தனையும் கறுத்துக் குப்பையாகிவிடும். மூன்று நாளில் கண்காணிப்பாளர் இறங்கி வருவார் என்று கணக்கிட்டேன். அவரைப் பெரிய டாக்டர் என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் அவர் வர்க்கம் அவரை விடாது.

கோரிக்கை நிரந்தரம். துண்டறிக்கை ஐந்து பக்கம். இயந்திரப் பிரிவைச் சேர்ந்த பதினான்கு பேரின் பெயரும் வரிசையாக அதில் இருந்தது. பெண்களின் கோரிக்கை அடுத்த கட்டம். இது ஒரு உத்தி டாக்டரம்மா. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. முதலில் பலமான பிரிவு, பிறகு அவர்கள் தோள் கொடுத்து மற்றவர்களை ஏற்றிவிட வேண்டும். படிப்படியாக. இதைப் பெண்களுக்கு நான் விளக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விளக்கவேண்டிய அளவுக்கு விளக்கினேன்.

முதல் நாள் விடிகாலையிலேயே பேலரின் கிளிமூக்கு இரண்டையும் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு தலைமறைவாகிவிட்டேன். இரண்டு மைல் தள்ளி ஒரு செங்கல் சூளை, சூளைக்காரர் நம் அனுதாபி. தலைமை பிடிபட்டால் போராட்டம் பிடிபட்டது மாதிரி. போன உடனே பையை அங்கிருந்த கிணற்றில் போட்டேன். திரும்பிப் போக வழி வைத்துக்கொள்கிறவன் போராளி அல்ல.

இரண்டாம் நாள் பெரிய டாக்டர் இரண்டு வண்டியில் வெளியாட்களைக் கொண்டுவந்தார். பெண்கள் வாசலில் குறுக்கே படுத்துவிட்டார்கள். பதினொரு பேரைப் போலீஸ் வேனில் ஏற்றிப்போய் சாயங்காலம் வரை வெயிலில் உட்காரவைத்து அனுப்பினார்கள். சிகப்பியும் அதில் ஒருத்தி. செய்தி சூளைக்கு வந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அப்படி ஒரு துண்டறிக்கை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. 'மண்ணில் படுத்த மறத்தியரே' என்று தொடங்கும். கோரிக்கைத் துண்டறிக்கையின் ஐந்து பக்கத்தையும் அதோடு சேர்த்துக் கட்டினேன். சிகப்பிதான் அதைப் புல்லுக்கூடையில் மறைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதுகெல்லாம் வெயிலில் தோல் உரிந்திருந்தது. அந்த நிலையிலும் கொண்டுபோனாள். அன்றைக்கு அவள் எனக்குத் தோழராக இருந்தாள்.

மூன்றாம் நாள் அடைக்காயி வந்தாள். பெண்களில் மூத்தவள், புல்லுப் பிரிவுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் கூட. சூளைக்குள் வந்து செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏந் தம்பி, கெழக்க மேகம் கட்டுது பாத்தியா?"

"வரட்டும் அக்கா. நெருக்கடி முற்றினால்தான் நிர்வாகம் இறங்கி வரும்."

"புல்லு கறுத்தா பெரிய டாக்டருக்கு என்ன போச்சு? மெட்ராசுக்கு ஒரு காயிதம் எழுதுவாரு, லாரில தீவனம் வரும். புல்லே வேண்டாம்னு ஆனதும் புல்லுக்காரி எதுக்கும்பாங்க. நெருக்கடி எங்களுக்குத்தான் முத்திக் கெடக்கு."

"முதலில் இயந்திரப் பிரிவு நிரந்தரமாகட்டும் அக்கா. அவர்கள் நிரந்தரமானால் சங்கத்துக்குப் பலம். அடுத்த தை மாதம் உங்களுக்காக அவர்கள் வேலையை நிறுத்துவார்கள்."

அவள் சிரித்தாள். "நெரந்தரமானவன் எவன்டா அடுத்தவளுக்காக வேலைய நிறுத்துவான்? அடுத்த தைக்கு நீங்க பதினாலு பேரும் சைக்கிளு வாங்க டவுனுக்குப் போயிருப்பீங்க."

இது ஒரு பிற்பட்ட மனநிலை. அவளுக்கு அரசியல் படிப்பு இல்லை. நான் பொறுமையாகப் பதில் சொன்னேன், அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். போகும்போது, "ஒம் பொண்டாட்டி முதுகுக்கு நல்லெண்ணெ வாங்கி அனுப்பு தம்பி, நோட்டீசு அப்புறம் எழுதலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் காலை. பத்து மணி இருக்கும். கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். காற்று வாக்கில் சத்தம் கேட்கிறது. டக், டக், டக். பதினொரு வருஷம் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? பேலர் ஓடுகிறது. கிளிமூக்கு சூளைக் கிணற்றில் கிடக்கிறது, பேலர் எப்படி ஓடும்? எண்ணினேன். பன்னிரண்டு குத்து. நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி பன்னிரண்டு குத்து. நின்றது. அது மிஷினின் கணக்கு இல்லை. யாரோ மனுஷன் வைத்த கணக்கு.

சூளைக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கருவேலமரத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சேசுராஜ் வண்டியை ஓட்டுகிறான். பன்னிரண்டு குத்துக்கு ஒருமுறை கிளட்சை மிதித்து நிறுத்துகிறான். பேலருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பெண்கள். கையில் பிரி. வைக்கோலை முறுக்கிக் கயிறாகத் திரிப்பார்களே, அந்தப் பிரி. களத்துமேட்டில் பிறந்த பெண்ணுக்குப் பிரி திரிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். புல்லிலேயே திரித்து, ஒரு கம்பியால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கோர்த்து, இழுத்து, முடிந்து, முனையைச் செருகித் தள்ளிவிடுகிறார்கள். கட்டு விழுகிறது. கொஞ்சம் கோணல். ஆனால் கட்டுதான்.

கடைசியில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது சிகப்பி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எதிரி செய்தால் தாங்கலாம். அறுபது பெண்களும் சேர்ந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அடைக்காயி தலைமையில் பெரிய டாக்டரிடம் போயிருக்கிறார்கள். புல்லை நாங்கள் கையால் கட்டித் தருகிறோம், மழைக்கு முன்னால் கொட்டகையில் ஏற்றித் தருகிறோம், எங்கள் பெயரை எல்லாம் நிரந்தரப் பட்டியலில் எழுதி மெட்ராசுக்கு அனுப்பு என்று பேசியிருக்கிறார்கள். சமரசம். அதுவும் செயற்குழு முடிவு இல்லாமல்.

நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"சேசு, நிறுத்து. நீ செய்வது என்ன என்று தெரிகிறதா?"

"தெரியுது மாப்ள. பொம்பளைங்க கையெல்லாம் கீறி ரத்தமா கெடக்கு. கிளிமூக்கக் கொண்டாந்து மாட்டு."

"அது கிணற்றில் கிடக்கிறது."

"அப்ப வழிய விடு. மழை வரப்போகுது."

"நீ சங்கத்தின் பொருளாளர் சேசு."

"எந் தங்கச்சியும் ஒம் பொண்டாட்டி பக்கத்துல அந்தா பின்னாடி நிக்கிறா மாப்ள. மூணு நாளைக்கு முன்னாடி அவ வேன்ல ஏறுனா. நான் ஏறல, நீயும் ஏறல."

அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்? வேனில் ஏறுவது மட்டும்தான் போராட்டமா? நான் வண்டிக்கு முன்னால் படுத்திருக்கலாம். ஒரு கணம் அதையும் நினைத்தேன். ஆனால் தலைமை படுத்துவிட்டால் வழிநடத்த யார் இருக்கிறார்கள்? அதனால் பேசினேன். நின்ற இடத்திலேயே, கால் மணி நேரம், துரோகத்தின் வரலாறு பற்றிப் பேசினேன். சேசு என்ஜினை அணைக்கவில்லை. அந்த செக் வண்டியின் சத்தம் உங்களுக்குத் தெரியாது டாக்டரம்மா. ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை என்று பிறகு சொன்னார்கள். நான் பேசி முடித்தபோது வண்டி என்னைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போயிருந்தது.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பட்டியலில் பெண்கள் அறுபது, நாங்கள் பதினான்கு, ஆக எழுபத்து நான்கு பெயர் எழுதிக் கொடுத்தார்களாம். பெரிய டாக்டர் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்தார். பாகத்தைக் கழற்றியவன் அதைக் கொண்டுவந்து கொடுத்து, தவறு என்று ஒரு வரி எழுதித் தரட்டும், அவன் பெயரையும் சேர்க்கிறேன் என்றாராம். மத்தியானம் சிகப்பியும் அடைக்காயியும் சூளைக்கு வந்தார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யார் வீட்டிலோ பாதாளக் கரண்டி வாங்கி வந்திருந்தார்கள். வாளி விழுந்தால் துழாவுவார்களே, கொக்கிகள் தொங்குமே, அது. இரண்டு பேரும் கிணற்றைத் துழாவினார்கள். நான் நிறுத்தச் சொன்னேன். இது மன்றாடுவது, இது எனக்கு அவமானம் என்று சொன்னேன். கேட்கவில்லை. மூன்று மணி நேரம். கயிறு சிகப்பியின் கையில் கீறின இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு பழைய வாளி வந்தது. பிறகு யாருடையதோ செருப்பு. அடைக்காயி, "செயலாளரே, இதுவும் போராட்டத்துல கழட்டுனதா?" என்று கேட்டாள். கடைசியில் மஞ்சள் பை வந்தது.

சிகப்பி பையைப் பிழிந்து, கிளிமூக்கு இரண்டையும் முந்தானையில் துடைத்து, என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு தாளும் வைத்தாள்.

"ஒரு வரி எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

"அஞ்சு பக்கம் எழுதுறவருக்கு ஒரு வரி வராதா?"

நான் எழுதவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் எழுத மாட்டேன். தவறு என்று எப்படி எழுதுவது? தவறாக இருந்தால் எழுதியிருப்பேன். அடைக்காயி, "வாடி போவோம், பட்டியலு காத்துக்கிட்டுக் கெடக்கு" என்றாள். போய்விட்டார்கள். கிளிமூக்கைச் சேசு மாட்டினான். தப்பாக மாட்டினான், முடிச்சு நழுவிக்கொண்டே இருந்ததாம். ஆனால் அன்றிரவு மழை பெய்தபோது புல் முழுக்கக் கொட்டகையில் இருந்தது.

சிகப்பி அந்தப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. அவள் முழுப் பெயரையும் எழுதினாள், சிகப்பி வெள்ளைக்கண்ணு என்று. அந்தக் கையெழுத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? மேலே கோடு போட்டு அடித்த என் பெயர், கீழே அவள் கையெழுத்தில் என் பெயர். அந்தத் தாளை நான் பார்த்தேன்.

பதினான்கு மாதத்தில் ஆணை வந்தது. எழுபத்து மூன்று பேரும் நிரந்தரம். சங்கக் கூட்டத்தில் அடைக்காயியைச் செயலாளராக்கினார்கள். நான் வாசலில் நின்று வெளிநடப்புச் செய்தேன். உள்ளே போகாமலே செய்தேன், ஏனென்றால் எனக்கு அழைப்பு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நான் எவனிடமும் கூலிக்குப் போகவில்லை. எழுதினேன், கூட்டங்களுக்குப் போனேன். அவள் சம்பளத்தில் சாப்பிட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு போராளியின் குடும்பம் போராட்டத்துக்குச் செய்ய வேண்டிய கடமை அது. இப்போது பென்ஷன் வருகிறது. அதுவும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

ஒரே ஒரு முறை கேட்டேன். ஆணை வந்த அன்று சாயங்காலம். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "நீயுமா என்னைக் காட்டிக்கொடுத்தாய்?" என்றேன்.

அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒங்க நோட்டீச நாந்தானே ஊரெல்லாம் கொண்டுபோயிக் குடுத்தேன். முந்தியெல்லாம் அதுல என்ன இருக்குன்னு தெரியாது, குடுத்துட்டு வந்துருவேன். அந்தத் தடவ எழுத்துக் கூட்டத் தெரியுமில்ல. வழியெல்லாம் கூட்டிக்கிட்டே போனேன். பதினாலு பேரு இருந்துச்சு. திரும்பத் திரும்பப் பாத்தேன். நாம சரியாக் கூட்டலியோன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள். நீங்கள் படித்தவர். படிக்கச் சொல்லிக்கொடுத்தது என் தவறா? அடுத்த கட்டம் என்று ஐந்தாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அவள் அதுவரை வரவில்லை போலிருக்கிறது. பொடி எழுத்து வேறு.

 சரி. நான் சொன்னதையெல்லாம் எழுதுவீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் நிர்வாகத்தின் பாடு. அதோ, முக்கில் வருவது அவள்தான். தலையில் அரிசிப் பை. எழுபத்தொரு வயதில் இன்னும் தலையில்தான் சுமப்பாள், ஆட்டோவுக்குச் சொன்னால் கேட்பதில்லை. போனை அணைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அவளிடம் கேட்க வந்ததைக் கேளுங்கள். ஆனால் முதலில் ஒன்று கேளுங்கள். இந்தப் பண்ணையில் நிரந்தரத்துக்குப் போராட்டத்தைத் தொடங்கி வைத்தது யார் என்று கேளுங்கள். நாற்பத்து மூன்று வருஷமாக நான் கேட்டதில்லை. நான் உள்ளே போய்விடுகிறேன். பக்கத்தில் இருந்தால், எனக்காகச் சொன்னாள் என்று ஆகிவிடும்.

கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள் டாக்டரம்மா. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எனக்குத்தான் அடுப்படிவரை கேட்க வேண்டும்.